சான்றிதழ் பெற்ற கிலுகிலுப்பை பிளந்தது எப்படி: ஒரு நிகழ்வு ஆய்வு

பொம்மைகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் இயந்திரவியல் சோதனைகளைக் கவனிப்பது என் பணி. நாங்கள் சோதித்துத் தேர்ச்சி அறிக்கை அளித்த ஒரு கிலுகிலுப்பை, 14 மாதங்களுக்குப் பிறகு ஒரு வீட்டில் பிளந்தது. அதனுள் இருந்த மணிகளில் ஒன்று 11 மாதக் குழந்தையின் மூச்சுக்குழாயில் போய்ச் சிக்கியது. குழந்தை பிழைத்து நலமாக இருக்கிறது. அந்தப் பொம்மை எங்கள் அறிக்கைக்கும் அந்த வீட்டுக்கும் இடையில் எங்கே மாறியது என்பதைத் தேடியதும், தேடலின் போக்கில் எடுத்த முடிவுகளும் இங்கே பதிவாகின்றன. குடும்பம், மருத்துவமனை, உற்பத்தி நிறுவனம் ஆகியோரை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

பொம்மை எளிமையானது. இரண்டு அரைக்கோள ஓடுகள் ஒன்றாக இணைந்து ஒரு பந்து போலிருக்கும். அதிலிருந்து ஒரு வளையக் கைப்பிடி நீளும். உள்ளே சுமார் 5 மி.மீ. அளவுள்ள பிளாஸ்டிக் மணிகள் குலுங்கும். ஓடுகள் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கால் ஆனவை. பசையோ திருகோ இல்லாமல், அல்ட்ராசானிக் வெல்டிங் முறையில் இணைக்கப்பட்டவை. ஓர் ஓட்டின் விளிம்பில் மெல்லிய முக்கோண வரம்பு ஒன்று அச்சிலேயே வார்க்கப்பட்டிருக்கும். நொடிக்கு 20,000 முறை அளவில் அதிரும் கருவி அந்த வரம்பை மற்ற ஓட்டின்மீது அழுத்தும்போது, வரம்பு உருகி இரண்டு ஓடுகளையும் ஒன்றாக்குகிறது. நன்றாக அமைந்த இணைப்பில் ஓடு உடையுமே தவிர இணைப்பு விடாது.

கிலுகிலுப்பையைச் சோதிப்பவர்கள் இரண்டு ஆபத்துகளை முதன்மையாகப் பார்க்கிறோம். ஒன்று, பொம்மையின் ஏதேனும் ஒரு முனை குழந்தையின் தொண்டைக்குள் நுழைந்து அடைப்பது. இதற்காக 35 மி.மீ. அகலமும் 50 மி.மீ. நீளமும் 30 மி.மீ. ஆழமும் உள்ள துளையிட்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. பொம்மையின் எந்தப் பகுதியும் தன் எடையால் அந்தத் துளையைக் கடந்து அடிப்பக்கம் வரை இறங்கக் கூடாது. மற்றொன்று, பொம்மை உடைந்து சிறு பாகங்கள் வெளிவருவது. 31.7 மி.மீ. உட்குறுக்களவும், சாய்ந்த அடித்தளமும், 25.4 முதல் 57.1 மி.மீ. வரை ஆழமும் கொண்ட ஓர் உருளைக்குள் எந்த நிலையிலும் அழுத்தமின்றி முழுவதுமாக அடங்கும் எதுவும் சிறு பாகம் எனக் கொள்ளப்படும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் பொம்மையில், சோதனைக்கு முன்னும் பின்னும், அப்படி ஒரு பாகம் தனியே வரக் கூடாது. 5 மி.மீ. மணி அந்த உருளையில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். ஆகவே இந்தப் பொம்மையின் பாதுகாப்பு முழுவதும் அந்த ஒற்றை இணைப்புக் கோட்டை நம்பியிருந்தது.

பொம்மைப் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 8124-1இன்படி, 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மையைச் சுமார் 138 செ.மீ. உயரத்திலிருந்து 10 முறை கீழே விட வேண்டும். விழும் தரை, கான்கிரீட்டின்மேல் பதித்த சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள வினைல் ஓடு. அதைவிட மூத்த குழந்தைகளின் பொம்மைக்கு 93 செ.மீ. உயரமும் 4 வீழ்ச்சியும் போதும். ஐரோப்பாவின் இஎன் 71, அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்963 ஆகியவற்றில் அளவுகள் ஓரளவு வேறுபட்டாலும் நோக்கம் ஒன்றுதான். இந்தியாவின் ஐஎஸ் 9873 ஐஎஸ்ஓ தரநிலையையே தழுவியது. முதல் சோதனைக்கு நிறுவனம் அனுப்பிய மாதிரிகள் அனைத்தும் விழுச்சோதனையிலும், அதன் பின் இழுத்தும் முறுக்கியும் அமுக்கியும் பார்த்த சோதனைகளிலும் தேறின. அறிக்கை அளித்தோம். சோதனை ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 விதி கோருகிறபடி, முடிவுகள் சோதித்த மாதிரிகளுக்கு மட்டுமே பொருந்தும் என்ற வாக்கியம் அதில் இருந்தது. சோதிக்காமல் மீந்த ஆறு மாதிரிகளை உறையிட்டுக் காப்பறையில் வைத்தோம். அன்று வழக்கத்துக்காகச் செய்த அந்தச் செயல்தான் பின்னர் எங்களுக்குப் பெரிய துணையாயிற்று.

நிகழ்ந்தது

குழந்தை உயரமான நாற்காலியில் அமர்ந்திருந்தது. பொம்மையைக் கீழே போடுவதும், எடுத்துத் தந்ததும் மறுபடி போடுவதும் அந்த வயதின் விளையாட்டு. அப்படி விழுந்த ஒரு தடவை பொம்மை இரண்டாகப் பிளந்து மணிகள் சிதறின. தாய் குழந்தையைக் கீழே இறக்கி உட்காரவைத்துவிட்டு மணிகளைப் பொறுக்கினார். அந்த நேரத்தில்தான், தரையில் கிடந்த ஒன்றோ அதற்கு மேலோ குழந்தையின் வாய்க்குப் போயிருக்க வேண்டும். திடீரென்று கடுமையாக இருமியது, முகம் சிவந்தது. சில நிமிடங்களில் இருமல் நின்று, குழந்தை பழையபடி விளையாடத் தொடங்கியது. வாயைத் திறந்து பார்த்த தாய்க்கு ஒன்றும் தென்படவில்லை. விழுங்கியிருந்தாலும் மலத்தோடு வெளியேறிவிடும் என்று எண்ணினார்.

இந்த அமைதியான இடைவெளிதான் மூச்சுக்குழாயில் பொருள் சிக்கும் நிகழ்வுகளில் பலரையும் ஏமாற்றுவது. பொருள் குரல்வளையைத் தாண்டி மூச்சுக்கிளைக்குள் இறங்கியதும் இருமல் தணிந்துவிடும். காற்று ஓரளவு போய்வரும். நான்காம் நாள் குழந்தைக்குக் காய்ச்சலும் இழுப்பும் வந்தன. மருத்துவர் மார்பைக் கேட்டபோது வலப்பக்கத்தில் மூச்சொலி குறைந்திருந்தது. எக்ஸ்ரேயில் மணி தெரியவில்லை, பிளாஸ்டிக் பெரும்பாலும் தெரியாது. ஆனால் வலது நுரையீரலில் காற்று சிறைப்பட்டு அது உப்பியிருந்தது தெரிந்தது. ‘அண்மையில் ஏதாவது சாப்பிடும்போதோ விளையாடும்போதோ திடீரென்று இருமியதா?’ என்று மருத்துவர் கேட்டார். தாய்க்கு நான்கு நாள் முந்தைய மாலை நினைவுக்கு வந்தது. அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போயிருந்தால், இது நிமோனியா என்று மட்டுமே பதிவாகிப் பொம்மையைப் பற்றி எவருக்கும் தெரியாமலே போயிருக்கலாம். மயக்க மருந்து கொடுத்து, பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் குழாய்க்கருவியைச் செலுத்திப் பார்க்கும் முறை) மூலம் வலது மூச்சுக்கிளையிலிருந்து ஒரு மணியை எடுத்தார்கள்.

தாய் செய்த ஒரு செயலை இங்கே குறிப்பிட வேண்டும். உடைந்த ஓடுகளையும் பொறுக்கிய மணிகளையும் அவர் எறியாமல் ஓர் உறையில் போட்டு வைத்திருந்தார். மருத்துவமனை ஒரு சிறு குப்பியில் தந்த மணியையும் சேர்த்து, பொம்மையை வாங்கிய கடையில் ஒப்படைத்தார். கடை நிறுவனத்துக்கு அனுப்பியது. நிறுவனம் எங்களுக்கு அனுப்பியது. சான்றுகள் கலையாமல் வந்ததால்தான் இந்த ஆய்வு சாத்தியமாயிற்று.

மணிகளின் எண்ணிக்கை

உறையில் 22 மணிகள், குப்பியில் ஒன்று, ஆக 23. இந்தப் பொம்மையில் மொத்தம் எத்தனை மணிகள் இருந்தன என்பதே முதலில் எழுந்த கேள்வி. நிறுவனத்தின் வரைபடம் 24 என்றது. அப்படியானால் ஒன்று எங்கே? ஆனால் தொழிற்சாலையில் மணிகளை எண்ணிப் போடுவதில்லை, ஓர் அளவுக் கிண்ணத்தால் அள்ளிப் போடுகிறார்கள். சோதனையில் பின்னர் திறந்துபோன பொம்மைகளில் எண்ணியபோது 23, 24, 25, ஒன்றில் 26 கூட இருந்தன. ஆகவே அந்த 23 முழு எண்ணிக்கையாகவும் இருக்கலாம். ஒன்று முதல் மூன்று வரை குறைவாகவும் இருக்கலாம்.

இதைக் குடும்பத்திடம் சொல்வதா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. உறுதியற்ற ஒரு கணக்கைச் சொல்லி, ஏற்கெனவே கலங்கியிருப்பவர்களை மேலும் கலங்கவைக்கக் கூடாது என்று ஒருவர் கருதினார். நான் சொல்ல வேண்டும் என்றேன். இன்னொரு மணி நுரையீரலில் இருக்கும் வாய்ப்பு சிறிதளவேனும் உண்டு என்றால், அதை எடைபோட வேண்டியவர் மருத்துவர்; தகவலை நாங்களே வைத்துக்கொண்டு அந்தத் தீர்ப்பை அவருக்காக எழுதிவிடுவது எங்கள் அதிகாரத்தில் இல்லை. கணக்கையும் அதன் உறுதியின்மையையும் சேர்த்து, அன்றே எழுத்தில் தெரிவித்தோம். மருத்துவர் குழந்தையை மீண்டும் பரிசோதித்தார். இரு பக்கமும் மூச்சொலி சமமாக இருந்தது. மீண்டும் பிராங்கோஸ்கோப்பி தேவையில்லை என்று முடிவு செய்து, சில வாரங்கள் கவனிக்கச் சொன்னார். குழந்தைக்கு வேறு அறிகுறி எதுவும் வரவில்லை. இருபத்து நான்காம் மணி ஒன்று இருந்ததா என்பது இன்றுவரை தெரியவில்லை.

ஆய்வகத்தில் கண்டவை

உடைந்த ஓடுகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது விளிம்பில் பிளாஸ்டிக் கிழிந்த தடம் மிகச் சில இடங்களில்தான் இருந்தது. மற்ற இடங்களில் விளிம்பு வழவழப்பாக, ஒட்டாமலே பிரிந்ததைப் போலிருந்தது. ஓடு உடையவில்லை, இணைப்புதான் விட்டிருந்தது.

நிறுவனம் தொடக்கத்தில் வேறொரு காரணத்தை முன்வைத்தது. பொம்மையைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்ததாகத் தாய் கடையில் சொல்லியிருந்தார். ஏபிஎஸ் கொதிநீரின் வெப்பத்தில் இளகக் கூடியது. ஆகவே இது தவறான பயன்பாடு என்றார்கள். இதைத் தள்ளிவிடாமல் சோதித்துப் பார்க்க முடிவு செய்தோம், ஏனென்றால் அது உண்மையாகவும் இருக்கக்கூடும். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொன்னோம்: கைக்குழந்தை வாயில் வைக்கும் பொம்மையைப் பெற்றோர் கொதிநீரில் போடுவார்கள் என்பது எவரும் முன்கூட்டியே எதிர்பார்க்கக்கூடியது. 2009ஆம் ஆண்டின் ஐரோப்பிய பொம்மைப் பாதுகாப்பு ஆணை, பொம்மையை உரிய முறையில் பயன்படுத்தும்போது மட்டுமன்றி, குழந்தைகளின் இயல்பைக் கருத்தில் கொண்டு முன்னறியக்கூடிய முறையில் பயன்படுத்தும்போதும் அது ஆபத்தாக இருக்கக் கூடாது என்கிறது. ஆகவே கொதிநீரே காரணமாக இருந்தாலும் அது பொம்மையின் குறைதான்.

வெவ்வேறு கடைகளிலிருந்து எங்கள் ஆட்களே 24 பொம்மைகளை வாங்கி வந்தார்கள். நிறுவனம் தானே தேர்ந்து அனுப்பும் மாதிரியை இம்முறை ஏற்கவில்லை. பன்னிரண்டை நேரடியாக விழுச்சோதனைக்கு உட்படுத்தினோம்; நான்கு பிளந்தன, அவற்றில் ஒன்று மூன்றாவது வீழ்ச்சியிலேயே. மற்ற பன்னிரண்டைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்து, ஆறவிட்டுச் சோதித்தோம்; ஐந்து பிளந்தன. நான்குக்கும் ஐந்துக்கும் உள்ள வேறுபாட்டை வைத்து எதையும் சொல்ல இயலாது. காப்பறையிலிருந்த ஆறு பழைய மாதிரிகளில் மூன்றை நேராகவும் மூன்றைக் கொதிநீருக்குப் பிறகும் சோதித்தோம், ஒன்றுகூடப் பிளக்கவில்லை. பிறகு அந்த ஆறையும் குறுக்காக அறுத்து இணைப்பைப் பார்த்தபோது, வரம்பு விளிம்பு முழுவதும் ஒரே சீராக உருகிப் பரவியிருந்தது. கடையில் வாங்கியவற்றில் அது விட்டுவிட்டு, சில இடங்களில் சிறு குமிழ்களோடு இருந்தது. பெயர், நிறம், பெட்டி, மாதிரி எண் எல்லாம் ஒன்றாக இருந்தும், நாங்கள் தேர்ச்சி அளித்த பொம்மை வேறு, கடையில் விற்பனையில் இருந்த பொம்மை வேறு என்பது அப்போது உறுதியாயிற்று.

தொழிற்சாலையில்

நிறுவனத்தின் இசைவோடு இரண்டு நாள் தொழிற்சாலையில் இருந்தோம். பொருளை மாற்றினீர்களா, வடிவமைப்பை மாற்றினீர்களா என்று கேட்டபோது, எதையும் மாற்றவில்லை என்று பொறுப்பாளர்கள் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை; தங்களைப் பொறுத்தவரை எதையும் மாற்றவில்லை என்றே நம்பினார்கள். நடந்ததைப் பதிவேடுகளிலிருந்தும் தொழிலாளர்களின் பேச்சிலிருந்தும் மெல்ல மெல்லச் சேர்த்துப் பார்த்தோம்.

முதல் சோதனை நடந்து ஏழு மாதங்களுக்குப் பின், தேய்ந்துபோன அச்சு பழுதுபார்க்க அனுப்பப்பட்டது. பழுதுபார்த்தவர்கள் தேய்ந்த பரப்பைச் சீவிச் சமன் செய்தபோது, முக்கோண வரம்பை வார்க்கும் பள்ளத்தின் ஆழம் குறைந்தது. அதனால் ஓட்டின் வரம்பும் உயரம் குறைந்தது. உருக வேண்டிய பிளாஸ்டிக்கின் அளவே குறைந்துவிட்டது. பழுதுபார்த்த அச்சிலிருந்து ஓடுகள் எளிதில் விடுபடாமல் ஒட்டிக்கொண்டதால், இரவு வேலைமுறையில் (ஷிப்டில்) இருந்த ஒருவர் சிலிகான் கலந்த தெளிப்பு மருந்தை அச்சில் அடிக்கத் தொடங்கினார். அடுத்த வேலைமுறைக்கு வந்தவர்களும் அதைப் பின்பற்றினார்கள். அந்தச் சிலிகான் ஓட்டின் விளிம்பில் மெல்லிய படலமாகப் படிந்து, இணைப்பு பிடிக்காமல் தடுத்தது. குமிழ்களுக்குக் காரணம் ஈரம் என்று கருதுகிறோம். ஏபிஎஸ் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. வார்த்த ஓடுகள் இணைப்பு இயந்திரத்துக்குப் போகும் முன் சில சமயம் பல நாட்கள் திறந்த தட்டுகளில் கிடந்தன.

தெளிப்பு மருந்தை அடித்தவரைப் பற்றி ஒரு சொல். நிறுவனத்தில் சிலர் அவரையே காரணமாகக் காட்ட முற்பட்டார்கள். அதை நான் ஏற்கவில்லை. அச்சு ஒட்டிக்கொள்கிறது, எண்ணிக்கையை முடிக்க வேண்டும், கையெட்டும் தூரத்தில் தெளிப்பு மருந்து இருக்கிறது; இந்த விளிம்புதான் ஒரு குழந்தைக்கும் இருபத்துச் சொச்சம் மணிகளுக்கும் இடையில் நிற்கும் ஒரே சுவர் என்று அவரிடம் எவரும் சொன்னதில்லை. அச்சு ஏன் ஒட்டுகிறது என்று கேட்கும் வழி ஒன்று இருந்திருந்தால் அவர் கேட்டிருப்பார்.

தொழிற்சாலையில் விழுச்சோதனை இல்லாமலும் இல்லை. ஒவ்வொரு வேலைமுறையிலும் ஐந்து பொம்மைகளை ஒரு மேசை உயரத்திலிருந்து ஒரு தடவை கீழே விட்டுப் பார்த்தார்கள். 138 செ.மீ.க்குப் பதில் மேசை உயரம், பத்து முறைக்குப் பதில் ஒரு முறை. அந்தச் சோதனையில் ஒரு பொம்மைகூடத் தோற்றதில்லை. ஒருபோதும் தோற்காத சோதனை எதையும் பிரித்துக் காட்டுவதில்லை என்பதை அங்கே எவரும் கவனிக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் நிரம்பிய பதிவேடு அவர்களுக்கு நம்பிக்கையை மட்டும் தந்துகொண்டிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

விற்பனையை நிறுத்துவதில் நிறுவனம் தயங்கவில்லை. முதல் நாளிலேயே நிறுத்தியது. இருப்பில் உள்ளவற்றையும் வீடுகளுக்குப் போய்விட்டவற்றையும் என்ன செய்வது என்பதில்தான் மூன்று நாள் பேச்சு நடந்தது.

முதலில் வந்த யோசனை, ‘மூன்று வயதுக்கு மேல்’ என்ற முத்திரையை ஒட்டி, சிறு பாக எச்சரிக்கையைச் சேர்த்து, நிறுத்திய விற்பனையை மீண்டும் தொடங்குவது. பொம்மைத் தொழிலில் இந்த யோசனை அடிக்கடி எழுவதால் இதை விரித்துச் சொல்கிறேன். ஒரு பொம்மை எந்த வயதுக்குரியது என்பதைப் பெட்டியின் எழுத்து மட்டும் முடிவு செய்வதில்லை. அதன் அளவு, ஒலி, பிடிக்கும் விதம், யாருக்காக அது வாங்கப்படும் என்பவை சேர்ந்து முடிவு செய்கின்றன. ஐஎஸ்ஓ 8124 வரிசையின் எட்டாம் பகுதி வயது வரையறைக்கென்றே எழுதப்பட்ட வழிகாட்டி. கிலுகிலுப்பை பேசத் தெரியாத, தவழும் பருவத்துக் குழந்தையின் பொருள். நான்கு வயதுக் குழந்தைக்கு அதை எவரும் வாங்க மாட்டார்கள். முத்திரையை நம்பி அதை மூத்த குழந்தையின் பொம்மையாகக் கருத எந்த ஒழுங்குமுறை அமைப்பும் ஒப்பாது. ஒப்பினாலும் மணி மூச்சுக்குழாயில் சிக்குவதை அந்த எழுத்து தடுக்காது. நிறுவனம் அந்த யோசனையைக் கைவிட்டது.

இரண்டாவது, எந்தத் தொகுதிகளைத் திரும்பப் பெறுவது என்பது. அச்சில் வார்த்த தேதிக் குறிப்பு பழுதுபார்ப்பின்போது சிதைந்து, மாற்றப்படாமல் போயிருந்தது. தொகுதி எண் பெட்டியில் மட்டுமே அச்சாகியிருந்தது. பெட்டியை வீட்டில் எவர் வைத்திருப்பார்? பழுதுபார்த்த அச்சு கைப்பிடியின் அடியில் மெல்லிய கோடு ஒன்றை விடுகிறது என்பதை எங்கள் பிரிவில் ஒருவர் கண்டுபிடித்தார். அந்தக் கோடு உள்ளவற்றை மட்டும் திரும்பப் பெறலாம் என்று நிறுவனம் கேட்டது. நான் இரண்டு காரணங்களால் எதிர்த்தேன். நகத்தின் அகலத்துக்கும் குறைவான கோட்டைத் தேடிப் பார்த்து, தன் குழந்தையின் பொம்மை ஆபத்தானதா என்று பெற்றோரே முடிவு செய்யும்படி விடுவது சரியல்ல. தவறாகப் பார்த்தவரின் வீட்டில் அது தொட்டிலிலேயே இருந்துவிடும். மேலும், பழுதுபார்ப்புக்கு முந்தைய மாதங்களில் அச்சு ஏற்கெனவே தேய்ந்திருந்தது. கிடங்கிலிருந்து அந்தக் காலத்துப் பொம்மைகள் பன்னிரண்டைப் பெற்றுச் சோதித்தோம். ஒன்று ஒன்பதாவது வீழ்ச்சியில் பிளந்தது. பன்னிரண்டில் ஒன்று என்றாலும் பழையவை பாதுகாப்பானவை என்று சொல்லும் வாதம் அதோடு முடிந்தது. இதுவரை விற்ற அனைத்தையும் திரும்பப் பெறுவதென்று தீர்மானமாயிற்று.

ஒழுங்குமுறை அமைப்புக்குத் தெரிவிப்பதை ஆய்வு முடியும் வரை தள்ளிவைக்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது. காரணம் முழுவதும் தெரிந்த பிறகு தெரிவிப்பது ஒழுங்காகத் தோன்றலாம். ஆனால் விதிகள் அப்படி எழுதப்படவில்லை. அமெரிக்கச் சட்டத்தில், ஆபத்தைக் காட்டும் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை உண்டு. விசாரணைக்கு எடுக்கும் வாரங்களில் பொம்மை வீடுகளில் இருந்துகொண்டேயிருக்கும் என்பதே அதன் காரணம். விழுச்சோதனையின் முடிவு வந்த நாளிலேயே, தொழிற்சாலைக்குப் போகும் முன்பே, நிறுவனம் தெரிவித்துவிட்டது. இந்த நிகழ்வில் நிறுவனம் செய்தவற்றில் மிகச் சரியானது இதுதான் என்பேன்.

அறிவிப்பின் சொற்கள்

திரும்பப் பெறும் அறிவிப்பின் முதல் வரைவு இப்படித் தொடங்கியது: ‘வாடிக்கையாளர் நலனைக் கருத்தில் கொண்டு, குறிப்பிட்ட சில தயாரிப்புகளில் தரம் சார்ந்த சிறு மாறுபாடு கண்டறியப்பட்டுள்ளதால், முன்னெச்சரிக்கையாக...’ இதைப் படிக்கும் தாய்க்கு, தன் குழந்தையின் கையில் இருக்கும் பொருளை இந்த நொடியே வாங்கிவிட வேண்டும் என்பது புரியாது. பெயர் மங்கிப்போன ஏதோ ஒரு பொருளின் தரம் பற்றிய செய்தி என்று கடந்துவிடுவார். எங்களுக்குள் மிகச் சூடாக நடந்த வாதம் இந்தச் சொற்களைப் பற்றியதே. இறுதியில் அறிவிப்பு பொம்மையின் படத்தோடு இப்படி வந்தது: ‘இந்தக் கிலுகிலுப்பை கீழே விழுந்தால் பிளக்கக்கூடும். உள்ளே இருக்கும் மணிகள் குழந்தையின் மூச்சுக்குழாயில் சிக்கும். இப்போதே குழந்தையிடமிருந்து எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே பிளந்திருந்து, குழந்தை அதன் பின் திடீரென்று இருமியிருந்தால், இருமல் நின்றிருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.’ கடைசி வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னவர் குழந்தைக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர். விற்பனைச் சீட்டு இல்லாவிட்டாலும், உடைந்திருந்தாலும் முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்றும் எழுதப்பட்டது.

அதன் பின்

கடைகளிலும் கிடங்குகளிலும் இருந்தவை சில வாரங்களில் ஏறக்குறைய முழுவதும் திரும்பின. வீடுகளிலிருந்து பாதிக்கும் குறைவாகவே வந்தன. பரிசாகக் கொடுத்தவர் அறிவிப்பைப் பார்த்திருப்பார், பெற்றவர் பார்த்திருக்க மாட்டார். இரண்டாம் குழந்தைக்கென்று பரணில் ஏற்றிவைத்தவர்களும் இருப்பார்கள். குழந்தைகள் மருத்துவர்களின் காத்திருப்பு அறைகளில் படத்தோடு ஒட்டிய அறிவிப்புக்குப் பிறகு திரும்பி வந்தவை ஓரளவு கூடின. அது எங்களுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். வந்தவற்றில் ஏற்கெனவே பிளந்து, பசையால் ஒட்டப்பட்டவையும் இருந்தன. அந்த வீடுகளில் எவரும் புகார் செய்திருக்கவில்லை. பொம்மை உடைவது இயல்பு என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள்.

நிறுவனம் பொம்மையை மறுவடிவமைத்தது. மணிகள் இப்போது தனியே மூடி இணைத்த ஓர் உட்குப்பியில் இருக்கின்றன; வெளி ஓடு பிளந்தாலும் உட்குப்பி பிளந்தால்தான் மணி வெளிவரும். உட்குப்பி சிறு பாக உருளைக்குள் அடங்காத அளவில் அமைக்கப்பட்டது. இல்லையென்றால் ஓர் ஆபத்தை எடுத்து வேறோர் ஆபத்தை வைத்ததாகிவிடும். வெளி ஓடுகளில் வெல்டிங்கோடு ஒன்றையொன்று கவ்வும் கொக்கி விளிம்பும் சேர்க்கப்பட்டது. புதிய வடிவத்தை இரண்டு வகையாகச் சோதித்தோம்: முழுப் பொம்மையாகவும், வெளி ஓட்டை வேண்டுமென்றே இணைக்காமல் விட்டு, உட்குப்பியை மட்டும் நம்பியும்.

குழந்தைக்கு இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. நுரையீரலில் எந்தக் குறையும் இல்லை என்று மருத்துவர் எழுதியிருக்கிறார்.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

எங்கள் அறிக்கையில் தவறு இல்லை. சோதித்த மாதிரிகள் தேறின. முடிவு அவற்றுக்கு மட்டுமே என்றும் எழுதியிருந்தோம். ஆனால் அந்த வாக்கியம் ஒரு பக்கத்தின் அடியில் சிறு எழுத்தில் இருந்தது, நிறுவனத்தின் விளம்பரத்தில் ‘சோதிக்கப்பட்டது’ என்ற சொல் பெரிய எழுத்தில் இருந்தது. இந்த இடைவெளியை நாங்கள் அறிந்திருந்தும் பொருட்படுத்தவில்லை. விதிகள் இதைப் பொருட்படுத்துகின்றன. வகைப் பரிசோதனைச் சான்று (மாதிரியைச் சோதித்து அந்த வகைப் பொம்மைக்கே வழங்கும் சான்று) பெற்ற பொம்மையின் தயாரிப்பு முறையோ மூலப்பொருளோ உறுப்புகளோ மாறினால் சான்றை மறுபரிசீலனை செய்ய வேண்டும், மாறாவிட்டாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஆணை. அமெரிக்க விதிகளும் முக்கிய மாற்றம் நேர்ந்தால் மறுசோதனையையும், தொடர்ந்து உற்பத்தியாகும் பொம்மைக்குக் குறித்த கால இடைவெளியில் சோதனையையும் கோருகின்றன. சிக்கல் ‘மாற்றம்’ என்ற சொல்லில் இருக்கிறது. அச்சைப் பழுதுபார்ப்பது தொழிற்சாலையில் பராமரிப்பு. தெளிப்பு மருந்து அடிப்பது வேலை நுணுக்கம். இரண்டையும் எவரும் மாற்றம் என்று அழைப்பதில்லை. ஆகவே விதியை அறிந்தவரும் மீறியதாக எண்ணாமலே மீற முடிகிறது.

இப்போது எங்கள் ஆய்வகம் மாதிரியைப் பெறும்போதே அச்சின் எண், மூலப்பொருளின் தொகுதி, இணைப்பு இயந்திரத்தின் அமைப்பு ஆகியவற்றைக் கேட்டு எழுதுகிறது. ஒரு மாதிரியை அறுத்து இணைப்பின் குறுக்குவெட்டுப் படத்தை அறிக்கையில் சேர்க்கிறது. தொழிற்சாலையில் ஒருவர் தன் கையிலுள்ள ஓட்டை அந்தப் படத்தோடு ஒப்பிட முடியும். ‘ஏதாவது மாற்றினீர்களா?’ என்று இனி நாங்கள் கேட்பதில்லை. ‘அச்சு கடைசியாக எப்போது கழற்றப்பட்டது?’, ‘ஓடு அச்சில் ஒட்டினால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்கிறோம். சோதனைக்கான மாதிரிகளில் ஒரு பங்கேனும் கடையிலிருந்து வாங்கப்பட வேண்டும் என்பதைப் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். செலவைக் காரணம் காட்டி மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

நிறுவனம் இப்போது ஒவ்வொரு வேலைமுறையிலும் 138 செ.மீ. உயரத்தில் பத்து வீழ்ச்சி என்ற முழுச் சோதனையை நடத்துகிறது. அதோடு, குறையுள்ள இணைப்பு கொண்ட ஒரு பொம்மையை வேண்டுமென்றே தயாரித்து, வாரம் ஒருமுறை மற்றவற்றோடு கலந்து வைக்கிறார்கள். சோதனை அதைப் பிடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். தேதிக் குறிப்பு ஓட்டின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் வார்க்கப்படுகிறது. சிலிகான் தெளிப்பு மருந்து அந்தப் பிரிவிலிருந்து அகற்றப்பட்டது. அச்சு ஒட்டினால் வேலையை நிறுத்தி அழைக்க வேண்டியவரின் பெயர் இயந்திரத்தின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது.

திரும்பி வராத பொம்மைகளுக்கு எங்களிடம் வழி இல்லை. அறிவிப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி வெளியிட நிறுவனம் ஒப்புக்கொண்டிருக்கிறது. பழைய பொருட்களை வாங்கி விற்பவர்களுக்கும் படத்தை அனுப்பியிருக்கிறோம். சென்ற மாதமும் ஒன்று திரும்பி வந்தது. கைப்பிடியின் அடியில் அந்தக் கோடு இருந்தது. இணைப்பு இன்னும் விடாமல் இருந்தது. விழுச்சோதனையில் ஐந்தாவது வீழ்ச்சியில் பிளந்தது.